பவனும் அர்ஜுனும் சரி, கவரில் யார்? சீசனுக்கு முன் டெல்டா கபடிக் களங்களில்

ஆகஸ்ட் 18, 2025, திங்கள்: கல்லணை, கோவிலடி, திருச்சனம்பூண்டி

புரோ கபடி லீக்கின் 12-வது சீசன் வருகிற 29-ம் தேதி விசாகப்பட்டினத்தில் தொடங்குகிறது. முதல் ஆட்டமே தெலுங்கு டைட்டன்ஸும் தமிழ் தலைவாஸும். ஏலம் முடிந்த நாளிலிருந்து எங்கும் ஒரே பேச்சுதான். அர்ஜுன் தேஷ்வாலை 1 கோடியே 40 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்தாயிற்று, பவன் செராவத் 59 லட்சத்து 50 ஆயிரத்துக்கே கிடைத்துவிட்டார், இந்த வருஷம் கப் நமக்குத்தான் என்கிறார்கள். டெல்டாவில் பேச்சு அதோடு நிற்பதில்லை. எதிரணிக் களத்துக்குள் பாடிப்போய்ப் புள்ளி எடுக்கும் ரெய்டர்களைப் புகழ்ந்து முடித்த கையோடு "சரி, கார்னர் யாரு? கவர் யாரு?" என்று கேட்டுவிடுகிறார்கள். கார்னர் என்றால் தடுப்பு வரிசையின் இரு முனைகளில் நிற்பவர், கவர் என்றால் உள்பக்கம் நின்று அவருக்குத் துணையாக மோதுபவர். இந்த வாரப் பயணம் முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

கல்லணையில் தண்ணீர் நிறையப் போகிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்ததால் குறுவை தலை சாயும் பருவத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. வயலில் வேலை குறைந்த மாலைகளில் களங்களில் ஆள் சேர்கிறது. அணையிலிருந்து கோவிலடி வழியாகத் திருக்காட்டுப்பள்ளி போகும் சாலை காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஓடுகிறது. திருச்சனம்பூண்டி இந்தப் பக்கம்தான். தர்மராஜ் சேரலாதனின் ஊர். 2016-ல் நான்காவது சீசனில் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வாங்கியபோது கேப்டன் அவர். 1975-ல் பிறந்தவர், அப்போது வயது 41. அதே வருஷம் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அந்த வயதில் ஒருவர் வலது கார்னரில் நின்று ஆட முடிந்ததற்குக் காரணம் வேகம் அல்ல, காத்திருக்கத் தெரிந்ததுதான்.

கார்னரின் முதல் ஆயுதம் கணுக்கால் பிடி. இந்த வட்டாரத்தில் அதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தால் ஒவ்வொரு அங்குலமும் கணக்குத்தான் என்பது தெரியும். தாண்டினால் தனிப் புள்ளி தரும் போனஸ் கோட்டைக் கடக்க ரெய்டர் ஒரு காலை உள்ளே ஊன்றுகிறார். போனஸ் செல்ல வேண்டுமானால் அந்த நொடியில் பின்னங்கால் தரையில் இருக்கக் கூடாது. உடம்பின் மொத்தப் பாரமும் ஊன்றிய ஒற்றைக் காலில். கார்னர் பாய வேண்டியது அந்த நொடியில்தான், அதற்கு முன்னால் அல்ல. ஒரு கை குதிகாலுக்குப் பின்னால், இன்னொரு கை கணுக்காலுக்கு மேலே முன்பக்கமாக. தலை முழங்காலுக்கு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். நேராக வைத்தால் முழங்கால் முகத்தில் ஏறும். பிடித்ததும் காலைத் தரையை விட்டுத் தூக்கித் தன் கடைக்கோட்டுப் பக்கம் இழுக்க வேண்டும்.

தப்பு நடக்கிற இடங்களும் எல்லா ஊரிலும் ஒன்றேதான். முன்னங்காலை நகர்த்தாமல் கையை மட்டும் நீட்டுவது முதலாவது. அப்படிச் செய்தால் ஷூ முனைதான் கையில் மாட்டும். ரெய்டர் தோளைக் குலுக்கியதை நம்பி முன்கூட்டியே விழுவது அடுத்தது. மூன்றாவதுதான் பெரியது: கார்னர் சரியாகப் பிடித்தும் கவர் வரத் தாமதிப்பது. போனஸ் கோட்டிலிருந்து நடுக்கோடு 4.75 மீட்டர். உயரமான ஆள் முன்னால் விழுந்து கையை நீட்டினால் இரண்டு மீட்டருக்கு மேல் அவருக்கு இனாமாகக் கிடைத்துவிடும். மிச்சம் இரண்டரை மீட்டர்தான். பவன் மாதிரி ஆளுக்கு அது இரண்டு உதறல். கார்னர் பிடித்த ஒரு விநாடிக்குள் கவர் இடுப்பில் மோத வேண்டும்.

"தம்பி, அவன் தோளப் பாக்காத, காலப் பாரு. கால்தான் பொய் சொல்லாது" என்று ஒரு பெரியவர் பையனை அதட்டிக்கொண்டிருந்தார். பையன் அதற்கு அடுத்த முறையும் தோளைத்தான் பார்த்தான். "திரும்பப் போ" என்றார். வெளிச்சம் போகும் வரை அது நடந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்: தஞ்சாவூர்

அன்னை சத்யா விளையாட்டரங்கத்துக்கு வெளியே டீக்கடைப் பேச்சு இன்று பயிற்சியாளரைப் பற்றி. தலைவாஸ் 2017-ல் ஐந்தாவது சீசனில் வந்த அணி. அப்போது கே. பாஸ்கரன் பயிற்சியாளர், அஜய் தாக்கூர் கேப்டன். ஆறாவது சீசனுக்கு எடச்சேரி பாஸ்கரன். ஏழாவதின் நடுவிலேயே உதயகுமார். ஒன்பதாவது தொடங்கிய பிறகு அஷன் குமார். பதினொன்றாவதில் சேரலாதன் தலைமைப் பயிற்சியாளர், உதயகுமார் வியூகப் பயிற்சியாளர். இப்போது சஞ்சீவ் பாலியான். இரண்டு முறை சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே ஆள் மாறியிருக்கிறார். தடுப்பாட்டத்தில் அது எவ்வளவு பெரிய இழப்பு என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. ரெய்டர் தனியாக ஆடிப் புள்ளி கொண்டுவந்துவிடுவார். ஆனால் கார்னர் எந்த நொடியில் போவார், கவர் எந்தச் சைகைக்குக் கிளம்புவார், ஆறு பேர் இருக்கும்போது தடுப்பவர்கள் கை கோக்கும் சங்கிலி எங்கே கோக்கப்படும், ஐந்து பேரானால் எங்கே அறுக்கப்படும் என்பதெல்லாம் பயிற்சியாளருக்குப் பயிற்சியாளர் மாறும். புதியவர் வந்தால் பழைய பழக்கத்தை உடம்பு மறக்கவே வாரங்கள் ஆகும்.

பாலியானைப் பற்றி நம்பிக்கையோடு பேச ஒரு வலுவான காரணம் உண்டு. 2022-ல் ஒன்பதாவது சீசனில் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர் அவர். அர்ஜுன் அந்த அணியின் ரெய்டர், அந்த ஒரு சீசனில் 296 ரெய்டு புள்ளிகள். எல்லாரும் இந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள். அதே அணியின் தடுப்பைப் பாருங்கள். இடது கார்னர் அங்குஷ் 89 டேக்கிள் புள்ளிகளோடு (ரெய்டரைப் பிடித்தால் கிடைப்பவை) அந்த சீசனின் முதல் தடுப்பாட்டக்காரர். வலது கார்னரில் சாகுல் குமார். கவரில் கேப்டன் சுனில் குமார், கூடவே ஈரானின் ரெசா மிர்பகேரி. நால்வரும் சீசன் முழுக்க நிலையாக நின்றார்கள். அர்ஜுன் அவுட்டாகி வெளியே உட்கார்ந்தால் அந்த நால்வர் ஒரு ஆளைப் பிடித்து அவரை உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள். 296-ல் பாதிப் பெருமை அவர்களுடையது. அர்ஜுனுக்குத் துணை ரெய்டராக அந்த அணியில் ஆடியவர் நம்ம ஊர் வி. அஜித்குமார் என்பதையும் இங்கே யாரும் மறக்கவில்லை.

அதே 2022-ல் தலைவாஸ் கதையும் இதையே சொல்கிறது. பவனை அன்றைய உச்ச விலையான 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். குஜராத் ஜெயன்ட்ஸுடனான முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. ரெய்டு போனபோது அல்ல, சந்திரன் ரஞ்சித்தைப் பிடிக்கப் போனபோது. அதோடு அவருக்குச் சீசன் முடிந்தது. அந்த அணிதான் முதல்முறையாக, இன்றுவரை ஒரே முறையாக, அரையிறுதிக்குப் போயிற்று. கார்னரில் சாகர் ராதியும் சாகில் குலியாவும், கவரில் எம். அபிஷேக்கும் மோஹித்தும் ஹிமான்ஷுவும் மாறி மாறி நின்று காத்தார்கள். முதல் சீசன் ஆடிய நரேந்தர் கண்டோலா 243 ரெய்டு புள்ளி எடுத்தார். விலை உயர்ந்த ரெய்டர் இல்லாமலேயே இவ்வளவு தூரம் வந்த அணி, அதன் பிறகு இரண்டு சீசனும் ஒன்பதாவது இடத்தில் முடித்தது. பதினொன்றாவது சீசனுக்கு சச்சின் தன்வரை 2 கோடியே 15 லட்சம் கொடுத்து எடுத்தும் இடம் மாறவில்லை.

தஞ்சாவூரில் இரவு தங்க நினைப்பவர்கள் புதிய பேருந்து நிலையத்தை ஒட்டி அறை எடுத்தால் காலையில் மன்னார்குடி வண்டி பிடிக்க வசதி.

ஆகஸ்ட் 20, புதன்: வடுவூர்

தஞ்சாவூர் - மன்னார்குடி சாலையில் சுமார் 25 கிலோமீட்டர். பஸ்ஸிலிருந்து இறங்கினால் ஒரு பக்கம் ஏரி, பறவைகள் சரணாலயம். ஊருக்குள் கோதண்டராமர் கோயில். வெளியூர்க்காரர்கள் ராமரைப் பார்க்கவும் பறவை பார்க்கவும் வருவார்கள். கபடிக்காரர்களுக்கு வடுவூர் என்றால் உள்விளையாட்டு அரங்கமும் அங்கே விரித்திருக்கும் மேட் என்ற செயற்கை விரிப்பும்தான்.

மண் களத்தில் வளர்ந்த பையன் மேட்டுக்கு வரும்போது என்ன ஆகிறது என்பது இங்கே தினசரி வேலை. ஆண்கள் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு மீட்டர் சதுரத் துண்டுகளாகப் பல் கோத்து விரித்தால் ஆடுகளத்துக்கு மட்டும் 130 துண்டு, சுற்றுப்புறத்துக்குத் தனி. முதலில் பார்க்க வேண்டியது துண்டுகளின் இணைப்பு. ஒரு பல் எழும்பியிருந்தால் கட்டைவிரல் அதில்தான் மாட்டும். ஆட்டத்துக்கு முன் யாராவது ஒருவர் காலால் தேய்த்துக்கொண்டே எல்லா இணைப்பும் நடந்து பார்க்க வேண்டும். வியர்வை விழுந்த இடத்தை உடனே துடைக்க ஆள் நிற்க வேண்டும். ஈரமான மேட்டில் கவர் டேஷ் அடிக்க, அதாவது மோதித் தள்ள, ஓடிவந்தால் கால் தனியாக, உடம்பு தனியாகப் போகும்.

அதைவிட முக்கியம் முழங்கால். மண்ணில் வெறுங்காலோடு திரும்பும்போது பாதம் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். மேட்டில் ரப்பர் அடி ஷூ போட்டால் பாதம் ஒட்டிக்கொண்டு நிற்கும், உடம்பு மட்டும் திரும்பும். அந்தத் திருகல் முழுக்க முழங்காலுக்குப் போகிறது. முதல் சில வாரங்களில் காயப்படுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். அதனால் விவரம் தெரிந்தவர்கள் புதுப் பையனை உடனே முழு ஆட்டத்தில் இறக்குவதில்லை. முதலில் பக்கவாட்டு நடையும் சின்னச் சின்னத் திருப்பங்களும், பிறகு நின்ற இடத்தில் பிடி, அதன் பிறகு எதிராளியோடு முழு வேகம். ஷூ விரல் முனையில் நெரிக்கக் கூடாது, குதிகாலில் ஆடவும் கூடாது.

பிடியும் மாறுகிறது. மண்ணில் கணுக்கால் கிடைத்தால் ரெய்டர் சறுக்கிக்கொண்டே நடுக்கோடு வரை இழுத்துவிடுவார். மேட்டில் உரசல் அதிகம், பிடித்த இடத்திலேயே ஆள் நிற்கிறார். எனவே மேட்டில் முதல் பிடி பலமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அதே உரசல் ரெய்டருக்கும் உதவுகிறது, சட்டென்று நின்று திரும்பும் வேகம் மண்ணில் வராது. மண் களத்துக் கார்னர் மேட்டுக்கு வந்ததும் "நேரம் பத்தலண்ணே" என்று சொல்வது இதனால்தான்.

தலைவாஸ் தடுப்பைப் பற்றி இங்கே கேட்ட கேள்விதான் இந்த வாரத்திலேயே கூர்மையானது. சாகர் ராதி வலது கார்னர். நிதேஷ் குமாரும் வலது கார்னரில் பேர் வாங்கியவர். ஆறாவது சீசனில் உ.பி. யோதாவுக்காக 100 டேக்கிள் புள்ளி எடுத்தவர், ஒரு சீசனில் நூறைத் தொட்ட முதல் ஆள். போன சீசனில் தலைவாஸுக்காக 77 எடுத்து லீக்கின் முன்னணித் தடுப்பாட்டக்காரர்களில் ஒருவராக நின்றார். ஒரே மூலைக்கு இரண்டு பெரிய ஆட்கள். ஒருவரை இடது பக்கம் மாற்றினால் என்ன என்று கேட்பது சுலபம். ஆனால் வலது கார்னரின் முன்னங்கால், முதலில் நீளும் கை, விழும் தோள் எல்லாமே இடதுக்கு நேர்மாறு. பல வருஷம் ஒரு பக்கம் பழகிய உடம்பு நெருக்கடியில் பழைய பக்கமே திரும்பும். இருவரில் ஒருவரைக் கவருக்கு நகர்த்துவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. கவரில் நின்றால் பக்கத்துக் கார்னரின் நேரம் அவருக்கு ஏற்கெனவே தெரியும். எந்த நொடியில் அந்தப் பிடி விழும் என்று கணித்து மோத முடியும். கார்னருக்கும் கவருக்கும் நடுவே அந்த ஒரு விநாடியைச் சேமிக்க அதைவிட நல்ல வழி தெரியவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்: மன்னார்குடி

ஹரித்ரா நதி தெப்பக்குளத்தின் கரையில் மாலை நடை. இன்று ரெய்டர் கணக்கு.

ஆட்டம் 40 நிமிடம், ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. இரு தரப்பும் முழு நேரமும் எடுத்தாலே ஓர் அணிக்கு 40 ரெய்டு வரும், வேகமாகப் போனால் கூடும். பவன் பதினைந்து, அர்ஜுன் பதினைந்து என்று வைத்தாலும் பத்து ரெய்டு மிச்சம். அந்தப் பத்தில்தான் பல ஆட்டங்கள் தோற்றிருக்கிறோம். தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமனே திரும்பினால் மூன்றாவது டூ ஆர் டை, புள்ளி இல்லாமல் வந்தால் அவுட். எதிரணி கெட்டிக்காரத்தனமாக ஆடினால் இரண்டு நட்சத்திரங்களையும் போனஸ் கூட எடுக்கவிடாமல் திருப்பி அனுப்பி, டூ ஆர் டையில் பிடிக்கக் காத்திருக்கும்.

அவுட்டானவர் திரும்பும் வரிசையும் முக்கியம். முதலில் போனவர்தான் முதலில் உள்ளே வருவார், முறைத் தண்ணீர் மாதிரி, நடுவில் புகுந்து யாரும் வாங்க முடியாது. பவன் போய், பிறகு இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் போய், அதன் பிறகு அர்ஜுன் போனால், அர்ஜுன் உள்ளே வர நான்கு உயிர்ப்பு (அவுட்டானவர் திரும்ப உள்ளே வருவது) தேவை. போனஸ் புள்ளி யாரையும் உள்ளே கொண்டுவராது. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது ரெய்டரைப் பிடிக்கும் சூப்பர் டேக்கிளுக்கு இரண்டு புள்ளி கிடைத்தாலும் வருவது ஒரே ஆள்தான். ஆகவே பலகையில் புள்ளி ஏறிக்கொண்டிருக்கும்போதே களம் காலியாகலாம். தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் ஸ்கோரை மட்டும் பார்க்காமல், களத்தில் எத்தனை பேர், வெளியே உட்கார்ந்திருப்பவர்களில் அர்ஜுன் எத்தனையாவது என்று பார்த்தால் அடுத்த ஐந்து நிமிடம் எப்படிப் போகும் என்று சொல்லிவிடலாம்.

பவனின் சிறப்பு பற்றிச் சந்தேகமே இல்லை. 2019-ல் ஹரியானாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 39 ரெய்டு புள்ளி எடுத்தவர். ஆனால் அவர் தடுப்பிலும் முன்னால் பாய்வார், 2022-ல் நடந்தது அதில்தான். அவரைப் பின்னால் நிறுத்துங்கள், சங்கிலியில் கை கோக்க மட்டும் வையுங்கள் என்று இங்கே பலர் சொல்கிறார்கள், நானும் அதையே சொல்வேன். மூன்றாவது ரெய்டர் நரேந்தர். டூ ஆர் டை ரெய்டுகளை அவரிடம் கொடுத்துப் பழக்கினால் மற்ற இருவரும் ஆள் நிறைந்த களத்தில் நிதானமாக ஆடலாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி: திருவாரூர் பக்கத்து ஊர் ஒன்று

வரும் புதன் விநாயகர் சதுர்த்தி. அதையொட்டி இரவுப் போட்டி வைக்கிறார்கள். இன்று களம் போடும் வேலை. பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகல் இது.

டெல்டா மண்ணில் நல்ல கபடிக் களம் தானாக அமையாது. களிமண் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் வழுக்கும். இவர்கள் செய்த முறை இது. களத்தையும் சுற்றிலும் மூன்று மீட்டரையும் அரை அடி ஆழத்துக்குக் கொத்திவிட்டார்கள். கட்டிகளை உடைத்து, கல், ஓடு, முள், பாட்டில் சில்லு எல்லாம் பொறுக்கினார்கள். பொறுக்கும் வேலைக்குச் சின்னப் பையன்களை வரிசையாக உட்கார்த்தி வைத்து, ஒரு தடவை முடிந்ததும் குறுக்குவாட்டில் இன்னொரு தடவை. பிறகு வண்டல் கலந்த மணலும் மரத்தூளும் தூவிக் கலந்தார்கள். மரத்தூளில் ஆணி இருக்கும், சலிக்காமல் போடக் கூடாது. தண்ணீரை முந்தின நாள் சாயங்காலமே தெளித்து ஊறவிட வேண்டும், போட்டி அன்று காலையில் ஊற்றினால் மேலே சேறு, கீழே கட்டாந்தரை. கடைசியில் பலகை இழுத்துச் சமன்.

சோதிக்கும் முறை எளிது. கையில் அள்ளி இறுக்கினால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிரவில்லை என்றால் மணல் போதவில்லை. உருண்டையே பிடிக்கவில்லை என்றால் மணல் மிஞ்சிவிட்டது, அதில் ரெய்டரின் கால் புதைந்து திரும்பவே முடியாது. மேலே மெத்தென்று இருந்து இரண்டு விரல் கீழே கல் மாதிரி இருந்தால்தான் பெரிய ஆபத்து. டேஷ் வாங்கி விழுபவரின் தோளும் இடுப்பு எலும்பும் அதில்தான் அடிபடும்.

கோடு போடுவதில் ஒரு எச்சரிக்கை. நீற்றாத சுண்ணாம்பைத் தூவவே கூடாது. வியர்வை பட்டால் தோல் வெந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இவர்கள் கோலமாவைத்தான் போட்டார்கள். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ரெய்டர் தாண்டியாக வேண்டிய பாக் கோடு, அதிலிருந்து ஒரு மீட்டரில் போனஸ் கோடு, இரு பக்கமும் ஒரு மீட்டர் லாபி என்ற ஓரப் பட்டை. கயிறு பிடித்து இரு முனையிலும் அளக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் அளந்துவிட்டுக் கண் மதிப்பில் இழுத்தால் போனஸ் கோடு சாய்ந்து, ஒரு கார்னர் பக்கம் சுலபமாகவும் மறு பக்கம் கஷ்டமாகவும் ஆகும். பாதி சண்டை இதில்தான் பிறக்கிறது. விளக்குக் கம்பங்களைப் பக்கக் கோடுகளுக்கு நேராக நிறுத்தினார்கள். கடைக்கோட்டுக்குப் பின்னால் நிறுத்தினால் பாடிவருபவரின் கண்ணுக்கு நேராக வெளிச்சம் அடிக்கும்.

வேலை நடந்தபோது தலைவாஸ் பேச்சும் கூடவே. "ஏன் மாமா, நம்ம பசங்க ஏன் ஆடுற செவன்ல இல்ல?" என்று ஒருவன் கேட்டான். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பதில் வந்தது: "புனேரி பல்தான்ல நடராஜன் அபினேஷ் யாருடா? கவர்ல நின்னு கப் வாங்கல?" உண்மைதான். பத்தாவது சீசனில் புனே கோப்பை வென்றபோது அதன் கவரில் நின்றவர் தமிழ்நாட்டுக்காரர். நம் அணிக்கு வேண்டிய ஆள் நம் ஊரிலேயே உருவாகி வேறு சட்டை போட்டிருக்கிறார். இந்த ஆதங்கம் டெல்டாவில் நியாயமானது. இளம் வீரர்களை இரண்டு, மூன்று சீசன் பெஞ்சில் வைத்தாவது அணியோடு வளர்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 23, சனி: மயிலாடுதுறை

மழை. மாலை ஆட்டம் எதுவும் இல்லை. ஈரக் களத்தில் ஆடுவதில்லை என்று ஊர்க்காரர்கள் முடிவெடுத்தது நல்ல முடிவு. அடித்தொடைத் தசை கிழிவதற்கு ஒரு வழுக்கல் போதும், சீசன் முழுக்கப் போய்விடும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு: கும்பகோணம்

டிகிரி காபியோடு கடைசிப் பேச்சு, இந்த சீசனின் விதி மாற்றங்கள் பற்றி. இதுவரை லீக் ஆட்டத்தில் வெற்றிக்கு 5 புள்ளி, டை ஆனால் 3, ஏழு புள்ளிக்குள் தோற்றால் 1. இனி வெற்றிக்கு 2, தோல்விக்கு எதுவும் இல்லை. டையும் இல்லை, சமன் ஆனால் டை பிரேக்கர். ஓர் அணிக்கு 18 லீக் ஆட்டங்கள். முதல் எட்டு இடங்களுக்குள் வந்தால் அடுத்த சுற்றுக்கு வழி உண்டு. தலைவாஸுக்கு இது பெரிய மாற்றம். எட்டாவது சீசனில் பல ஆட்டங்களைச் சமன் செய்து புள்ளி சேர்த்த அணி இது. கடைசி இரண்டு நிமிடத்தில் வித்தியாசத்தை ஏழுக்குள் வைத்துக்கொள்ள நேரம் கடத்திய ஆட்டமெல்லாம் இனி உதவாது. பின்தங்கினால் துணிந்து பிடிக்கப் போக வேண்டும், அதற்கும் கவர் வேண்டும்.

டை பிரேக்கர் நடைமுறை பலருக்குத் தெரியாது. இரு அணியும் ஏழு பேரோடு நிற்கும். மாறி மாறி ஐந்து ஐந்து ரெய்டு. அவுட்டும் உயிர்ப்பும் கிடையாது, புள்ளி மட்டும். பாக் கோடே போனஸ் கோடாகவும் ஆகிவிடும். முக்கியமானது இது: ஐந்து ரெய்டுக்கும் ஐந்து வேறு வேறு ஆட்கள் போக வேண்டும். பவனை இரண்டு முறை அனுப்ப முடியாது. அதிலும் சமன் என்றால்தான் வெற்றியைத் தீர்மானிக்கும் கோல்டன் ரெய்டு. 2022 எலிமினேட்டரில் உ.பி. யோதாஸை 6-4 என்று தலைவாஸ் வென்றது இந்த முறையில்தான், அப்போதும் பவன் இல்லை.

ஆக ஐந்து பெயர் எழுதச் சொன்னால் மேசையில் எல்லாரும் முதல் மூன்றை யோசிக்காமல் எழுதுகிறார்கள்: அர்ஜுன், பவன், நரேந்தர். நான்காவதாக ஈரானின் மோயின் ஷபாகி பெயர் வருகிறது, தடுப்பிலும் உதவுவார் என்பதால். ஐந்தாவதில் பேனா நிற்கிறது. அந்த இடத்துக்குத் தடுப்பாட்டக்காரர் ஒருவரைத் தயார் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. பாக் கோடு 3.75 மீட்டரில்தான். ஏழு பேர் நிற்கும்போது உள்ளே போய் ஆளைத் தொட வேண்டியதில்லை. ஒரு காலை அந்தக் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, பின்னங்காலைத் தூக்கி, உடனே திரும்பினால் ஒரு புள்ளி. நீளக் காலும் நிதானமும் உள்ள ஒரு கார்னருக்கு வாரத்தில் நான்கு மாலை இதை மட்டும் பழக்கினால் போதும். எதிரணிக் கார்னர் எந்த நொடியில் பாய்வார் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

29-ம் தேதி இரவு 8 மணிக்கு ஸ்டார் ஸ்போர்ட்ஸிலும் ஜியோஹாட்ஸ்டாரிலும் பார்க்கலாம். முதல் பத்து நிமிடம் நட்சத்திர ரெய்டர்களை விட்டுவிட்டு, தலைவாஸின் இரண்டு கவர்களை மட்டும் பாருங்கள். கார்னர் பிடித்ததும் அவர்கள் எத்தனை முறை இடுப்புக்கு வந்து சேர்ந்தார்கள், எத்தனை முறை கை மட்டும் வந்தது என்று ஒரு தாளில் கோடு போட்டு வையுங்கள். இரண்டாம் பாதியில் சூப்பர் டேக்கிள் வாய்ப்பு வரும்போது அந்தத் தாளை எடுத்துப் பார்க்கலாம்.